பூக்கட்டிப் பார்த்த மருந்து: சமவாய்ப்பு ஆய்வறிக்கையைப் படிக்கும் முறை

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு வயல்களை வைத்திருக்கும் ஒருவர், தலைமடை வயலில் புதிதாக வந்த நெல்லையும் கடைமடை வயலில் பழைய அம்பை 16 நெல்லையும் நட்டு, தலைமடையில் மூட்டை கூடுதலாக வந்ததைக் கண்டு ‘புது நெல்லே உயர்ந்தது’ என்று முடிவு சொன்னால், களத்துமேட்டில் நிற்கும் எவரும் அதை ஏற்கமாட்டார். தண்ணீர் முந்திப் பாயும் வயலில் எதை நட்டிருந்தாலும் கூடத்தான் விளைந்திருக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ‘காரில் பழையதை நட்டேன், பிசானத்தில் புதியதை நட்டேன், விளைச்சல் கூடிவிட்டது’ என்பவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும். பருவம் மாறியிருக்கிறது, மழை மாறியிருக்கிறது, பெருமையை நெல்லுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? வயல் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், உடம்பு விஷயத்தில் மட்டும், ‘எங்கள் பெரியப்பா இந்தச் சூரணத்தைச் சாப்பிட்டார், சர்க்கரை இறங்கிவிட்டது’ என்ற ஒரே வரியில் அடங்கிப்போகிறோம். அதே மாதத்தில்தான் பெரியப்பா இரவுச் சோற்றை விட்டுவிட்டு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார் என்பதை யாரும் கேட்பதில்லை.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று வரும் மருந்துச் செய்திகளை, மருத்துவமோ புள்ளியியலோ படிக்காத ஒருவர் எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு அறிந்துகொள்ள வேண்டியது, யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தற்செயலுக்கு விட்டு ஒப்பிடும் சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு என்னும் முறை; மருத்துவர்கள் ‘ஆர்.சி.டி.’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். அத்தகைய அறிக்கை ஒன்று கைக்கு வந்தால், முடிவைப் படிப்பதற்கு முன்பாக, ஆய்வில் சேர்ந்தவர்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் படியுங்கள். பிரித்தது சரியில்லை என்றால் மேற்கொண்டு படிப்பது பெரும்பாலும் வீண்வேலை.

பிரித்த கை யாருடையது

மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விலையுயர்ந்த மருந்தை வாங்கக்கூடியவர் பொதுவாக நல்ல சாப்பாட்டையும் வாங்கக்கூடியவர். மருத்துவர் புதிய மருந்தைத் தாங்கக்கூடியவருக்கே கொடுக்க விரும்புவார். உடல்நலத்தில் அக்கறை உள்ளவரே மருந்தைத் தேடிப் போவார். ஆகவே மருந்து உள்ளே போகுமுன்பே இரண்டு கூட்டமும் தலைமடை, கடைமடை போல வேறுபட்டு நிற்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயநோய் குறையும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டதற்கு இதுவே காரணம். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதயநோய் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களாக இருந்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியானபோது, ஹார்மோன் கூட்டு மாத்திரை பெற்றவர்களிடம் இதயநோய் சற்றுக் கூடியிருந்தது தெரியவந்தது.

இதற்கான தீர்வு மருத்துவமனையில் பிறக்கவில்லை, வயலில்தான் பிறந்தது. 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், நிலத்தின் எந்தத் துண்டு எவ்வளவு வளமானது என்பதை முழுமையாக அளந்துவிட முடியாது என்பதை உணர்ந்து, எந்தத் துண்டில் எந்த உரத்தை இடுவது என்பதை மனித விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்புக்கு விட்டார். அப்படிச் செய்தால் மேடு, பள்ளம், ஈரம், உவர் எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். இந்த முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது: நாம் அறிந்த வேறுபாடுகளை மட்டுமல்லாமல், நாம் பெயர்கூட வைக்காத வேறுபாடுகளையும் அது சமப்படுத்துகிறது. வயது, எடை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து இணைசேர்த்துப் பிரிப்பவர், தாம் அறியாததை இணைசேர்க்க முடியாது.

நம் ஊர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து, வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாதபடி கட்டி, சந்நிதியில் வைத்து, ஒன்றுமறியாத குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். (தெய்வத்தின் விருப்பத்தை அறிவதற்காக அங்கே செய்கிறோம், யாருடைய விருப்பமும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஆய்வில் செய்கிறார்கள். கை ஒன்று, நோக்கம் வேறு.) இதில் இரண்டு நெறிகள் உண்டு. எது வரும் என்பது தற்செயலாக இருக்க வேண்டும். எது வரப்போகிறது என்பது எடுக்கும்வரை யாருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். முதல் நெறியை எல்லோரும் பேசுவார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். பொட்டலத்தின் ஓரத்தில் சிவப்பு இதழ் எட்டிப் பார்த்தால், கட்டியவர் குழந்தையின் கையை மெல்லத் திருப்பிவிடலாம் அல்லவா? அடுத்தது புதிய மருந்து என்று தெரிந்துகொண்ட மருத்துவர், மோசமான நிலையில் உள்ள நோயாளியை ‘நாளைக்கு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டுத் தேறக்கூடியவரை உள்ளே அழைப்பதும் அதுதான். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் செய்வார். வெளிநோயாளிச் சீட்டின் எண் ஒற்றைப்படை என்றால் இந்த மருந்து, இரட்டைப்படை என்றால் அந்த மருந்து என்று பிரித்தாலும், திங்களன்று வந்தவர் இப்பக்கம், செவ்வாயன்று வந்தவர் அப்பக்கம் என்று பிரித்தாலும் அது சமவாய்ப்பு ஆகாது. இதழ் வெளியே தெரிகிறது.

1948இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்து பற்றிய ஆய்வில், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இதைத்தான் முத்திரையிட்ட உறைகளால் செய்தார். போருக்குப் பின் அந்த மருந்து பிரிட்டனில் மிகக் குறைவாகவே கிடைத்ததால், எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. நுரையீரல் காசநோயாளிகள் 107 பேரில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசினும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் தரப்பட்டன. 6 மாதத்துக்குள் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தார்கள். ஆனால் அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்ததால் பல நோயாளிகளின் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கூட்டு மருந்தின் தேவை அதிலிருந்தே துலங்கியது.

ஒரு சொல் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்துச்சத்து இல்லாத மாத்திரையைக் கொடுப்பதைப் பல செய்திகள் ‘போலி மருந்து’ என்று எழுதுகின்றன. அதைப் படிப்பவருக்குக் கள்ளச்சந்தை நினைவுக்கு வருகிறது. ‘வெற்று மருந்து’ என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நிறமும் சுவையும் வடிவமும் ஒன்றாக இருப்பதால், எது மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது; இதை இருபக்க மறைப்பு என்பார்கள். வலி, தூக்கம், அரிப்பு போன்று நோயாளி சொல்லித் தெரியவேண்டியவற்றை அளக்கும் ஆய்வில் மறைப்பு இல்லையென்றால் முடிவை ஐயத்தோடு பாருங்கள். மரணத்தை எண்ணும் ஆய்வில் அந்த அச்சம் குறைவு.

நெல்லைச் சீமையில் நடந்த ஓர் ஆய்வு

முறையைப் பழகிக்கொள்ள ஓர் உண்மையான ஆய்வை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பதே நல்லது. கதிரடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் உமியோ தூசியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் கீறல் விழுவதும், அதில் கிருமி புகுந்து புண்ணாவதும் நம் பக்கத்தில் பழகிப்போன துன்பம். கிருமியைக் கொல்லச் சொட்டுமருந்து உண்டு. ஆனால் புண் ஆறிய இடத்தில் தழும்பு தங்கி, ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரில் சொல்லும் நிலை வந்துவிடுகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டுச் சொட்டையும் சேர்த்துக் கொடுத்தால் தழும்பு குறையும் என்றார்கள் ஒரு சாரார். அது உடலின் எதிர்ப்பை அடக்கிப் புண்ணை மோசமாக்கும் என்றார்கள் மறுசாரார். இரண்டு வாதமும் அறிவுக்குப் பொருந்துவதுதான். அறிவுக்குப் பொருந்தும் இரண்டு வாதங்கள் எதிரெதிராக நிற்கும் இடத்தில்தான் சமவாய்ப்பு ஆய்வு நியாயமாகிறது. எது நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஒரு பாதிப் பேருக்கு அதை மறுப்பது அறமாகாது.

2006 முதல் 2010 வரை மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைகளிலும் அமெரிக்காவில் இரண்டு இடங்களிலும் சேர்ந்த 500 நோயாளிகளைக் கொண்டு இந்தக் கேள்வி ஆராயப்பட்டது. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் நிதி கொடுத்தது. அறிக்கை 2012இல் வெளிவந்தது.

முதலில் கேட்க வேண்டியது: யாரைச் சேர்த்தார்கள்? புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, பாக்டீரியாவால் வந்தது என்று உறுதியானவர்களை மட்டும். பூஞ்சையால் வந்த புண் விலக்கப்பட்டது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு முடிவை மட்டும் படிப்பவர், பூஞ்சைப் புண்ணுக்கும் அதைப் பொருத்திப் பார்த்துப் பெரிய தவறு செய்வார்.

அடுத்தது: எதற்கு எதிராக எதை ஒப்பிட்டார்கள்? எல்லோருக்கும் முதல் 48 மணிநேரம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்னும் கிருமிக்கொல்லிச் சொட்டு விடப்பட்டது. அதற்குப் பிறகே 250 பேருக்கு ஸ்டீராய்டுச் சொட்டும் 250 பேருக்கு வெறும் உப்புநீர்ச் சொட்டும் சேர்க்கப்பட்டன. இரண்டு குழுவும் முறையான சிகிச்சையைப் பெற்றன என்பதைக் கவனியுங்கள். ‘வெற்று மருந்து கொடுத்தார்கள்’ என்றவுடன் நோயாளியைக் கைவிட்டார்கள் என்று நினைப்பவர் பலர். பெரும்பாலான ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சையின் மேல்தான் புதியது சேர்க்கப்படுகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கு வேண்டுமென்றே பலவீனமான மருந்தைக் கொடுத்துப் புதியதை வெற்றிபெறச் செய்யும் ஆய்வுகளும் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வி தேவைப்படுகிறது.

பிறகு: எதை, எப்போது அளந்தார்கள்? 3 மாதம் கழித்து, பொருத்தமான கண்ணாடி போட்டபின் எழுத்துப்பலகையில் எத்தனை வரி படிக்க முடிகிறது என்பதை. இது நோயாளிக்கு வேண்டிய அளவு. புண்ணின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் சுருங்கிற்று என்பது மருத்துவருக்குச் சுவையானது. பேருந்தின் பலகையைப் படிக்க முடிகிறதா என்பதே நோயாளியின் கவலை.

முடிவு என்ன? பார்வையளவில் இரு குழுக்களுக்கும் இடையிலான சராசரி வேறுபாடு 0.009. எழுத்துப்பலகையின் ஒரு வரி இந்த அளவுகோலில் 0.1 என்பதால், வேறுபாடு ஒரு வரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறிக்கையில் இந்த எண்ணை அடுத்து, 95 விழுக்காடு நம்பக இடைவெளி என்னும் பெயரில் இரண்டு எண்கள் வரும்: ஸ்டீராய்டுக்குச் சாதகமாக 0.085, பாதகமாக 0.068. தற்செயலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டால், கிடைத்த தரவோடு பொருந்தக்கூடிய உண்மையான வேறுபாடுகள் இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில் அடங்கும் என்பது ஏறத்தாழ இதன் பொருள். இரண்டு கரைகளுமே ஒரு வரிக்கு உள்ளேதான் இருக்கின்றன. ஆகவே, மொத்தத்தில் நன்மையிருந்தாலும் தீமையிருந்தாலும் அது சிறியது என்று துணிந்து சொல்லலாம். அதே அறிக்கையில் ‘பி மதிப்பு 0.82’ என்றும் இருக்கும். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகவே தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 82 என்பதைத்தான் அது சொல்கிறது. மருந்து பயனற்றது என்பதற்கான வாய்ப்பு 82 விழுக்காடு என்று அதைப் படிப்பது தவறு. படித்தவர்களே செய்யும் தவறு.

அந்த ஆய்வில் ஒரு கிளைச்செய்தியும் உண்டு. தொடக்கத்திலேயே விரல்களை எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ பார்வை குறைந்திருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், ஸ்டீராய்டு பெற்றவர்கள் ஏறத்தாழ ஒன்றரை வரிக்கு மேல் நன்றாகப் பார்த்தார்கள். இது பொருட்படுத்த வேண்டிய தகவல்தான். என்றாலும், வயது, ஆண், பெண், புண்ணின் இடம், கிருமியின் வகை என்று கூட்டத்தைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஒரு கூறில் ஏதாவது ஒரு வேறுபாடு தற்செயலாகவே தட்டுப்படும். உட்குழுவில் கிடைத்த முடிவை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக வைத்துக்கொள்வதே முறை. மருந்து விளம்பரங்கள் அந்த உட்குழுவைத்தான் தலைப்பில் போடும்.

பூஞ்சைப் புண்ணுக்கான கேள்வி தனியாக ஆராயப்பட்டது. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பழைய நாட்டாமைசின் சொட்டு, புதிய வோரிகோனசோல் சொட்டைவிட ஏறத்தாழ இரண்டு வரி அதிகப் பார்வையைக் கொடுத்தது. புதியது என்பதாலேயே ஒரு மருந்து உயர்ந்ததாகிவிடாது என்பதைப் புது நெல்லில் கைசுட்ட நம் விவசாயி அண்ணாச்சிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது: கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டுச் சொட்டை வாங்கி விடுவதற்கு இவற்றில் எந்த ஆதரவும் இல்லை. கிருமியின் வகை தெரிந்து, கிருமிக்கொல்லி தொடங்கிய பின்பே அங்கே அது விடப்பட்டது. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு கேடு செய்யும்.

‘வேறுபாடு இல்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்பு

வேறுபாடு காட்டாத ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்குவது பத்திரிகைகளின் வழக்கம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) செய்த முதல் ஆய்வு அப்படிப்பட்டதுதான். காசநோயாளியைக் காற்றோட்டமான சானடோரியத்தில் சேர்த்து ஓய்வும் ஊட்டமும் கொடுத்தால்தான் தேறுவார் என்பது அன்றைய நம்பிக்கை. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, 193 ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கச் சொல்லி, அதே மாத்திரைகளை ஓர் ஆண்டு கொடுத்தது. 1959இல் வெளியான முடிவின்படி, ஓர் ஆண்டு கழித்து வீட்டுச் சிகிச்சையில் நூற்றுக்கு 86 பேரிடமும் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலேயே மாத்திரை வேலை செய்தது என்ற இந்தப் ‘பெரிய வேறுபாடில்லை’ என்னும் முடிவு, உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் வழக்கத்துக்கு வழிதிறந்தது.

ஆனால் எல்லா ‘வேறுபாடில்லை’யும் ஒன்றல்ல. 20 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நம்பக இடைவெளி பெரிய நன்மையிலிருந்து பெரிய தீமை வரை நீண்டு கிடந்தால், வேறுபாடு இல்லை என்று அது காட்டவில்லை. இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை. எத்தனை பேர் என்பதைவிட இடைவெளியின் இரண்டு கரைகளைப் பார்க்கப் பழகுவது மேல்.

பாதி என்று சொன்னால், எதில் பாதி

‘ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்து’ என்ற செய்தியைக் கண்டால், எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராகக் குறைந்தது என்று கேளுங்கள். நூற்றுக்கு 40 பேர் 20 ஆவதும் பாதிதான். ஆயிரத்துக்கு 2 பேர் 1 ஆவதும் பாதிதான். கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த ஆய்வில், மலிவான டெக்ஸாமெத்தசோன் மருந்து, செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே 28 நாள் மரணத்தை நூற்றுக்கு 41.4இலிருந்து 29.3ஆகக் குறைத்தது. அதாவது 8 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் தப்புகிறது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் அது 26.2இலிருந்து 23.3ஆகக் குறைந்தது, ஓர் உயிருக்கு ஏறத்தாழ 35 பேருக்குக் கொடுக்க வேண்டும். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் நன்மை இல்லை. எண்கள் தீமையின் பக்கமே சாய்ந்தன. இரண்டாம் அலையின்போது இலேசான காய்ச்சலுக்கே இந்த மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் முடிவைப் படித்தார்கள். யாருக்கு என்பதைப் படிக்கவில்லை.

எதை அளந்தார்கள் என்பதில் ஏமாறுவது இன்னும் எளிது. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் இறந்துபோகிறார்கள். ஆகவே துடிப்பைச் சீராக்கினால் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கையில் என்கைனைட், ஃப்ளெகைனைட் என்னும் மருந்துகள் அமெரிக்காவில் பரவலாகக் கொடுக்கப்பட்டன. துடிப்பும் சீரானது. ஆனால் அவை உயிரைக் காக்கின்றனவா என்று சமவாய்ப்பு முறையில் சோதித்த ஆய்வை 1989இல் இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும் வெற்று மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இரத்தத்தில் ஓர் எண் இறங்கியது, ஸ்கேனில் ஒரு நிழல் சுருங்கியது என்னும் செய்திகளைப் படிக்கும்போது இந்த 63ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இடையில் விட்டுப்போனவர்களையும் தேடுங்கள். ஒழுங்கான அறிக்கையில், எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், இறுதிவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் காட்டும் படம் ஒன்று இருக்கும். மருந்தால் தலைசுற்றல் வந்து நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், தாங்கியவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்; பூக்கட்டிப் பார்த்துப் பெற்ற சமநிலை அங்கேயே போய்விடும். எந்தப் பொட்டலத்தை எடுத்தாரோ, மாத்திரையைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அந்தக் குழுவின் கணக்கிலேயே அவரை இறுதிவரை வைத்திருக்க வேண்டும்.

சில ஆய்வுகளில் தனிமனிதர்களுக்குப் பதிலாக ஊர்களே பிரிக்கப்படும். ஒரு வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்து அடுத்த வீட்டுக்கு இல்லை என்றால், பாத்திரம் சுவரைத் தாண்டிவிடும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரைக் கொண்ட ஆய்வு 28 காசநோய்ச் சிகிச்சைப் பகுதிகளை முழுமையாகப் பிரித்து நடந்தது. கூடுதல் உணவுப்பொருள் பெற்ற குடும்பங்களில் புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2023இல் அறிவித்தார்கள்.

பதிவேட்டில் தேடுவது

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு 2007இல் தொடங்கப்பட்ட ‘சி.டி.ஆர்.ஐ.’ என்னும் பதிவேடு உண்டு. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ ஆங்கிலத்தில் தட்டினால், நடக்கும் இடங்கள் உட்படப் பதிவுகள் வரிசையாக வரும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பதிவைத் திறந்ததும் மூன்று இடங்களைத் தேடுங்கள்: பதிவான நாள் முதல் நோயாளி சேர்ந்த நாளுக்கு முந்தியதா, சமவாய்ப்பு வரிசையை எப்படி உருவாக்கி எப்படி மறைத்தார்கள், முதன்மையான அளவு என்று எதை அறிவித்தார்கள். இந்த மூன்றாவது மிக முக்கியம். பார்வையை அளப்போம் என்று பதிந்துவிட்டு, அறிக்கையில் வலி குறைந்தது என்று தலைப்புப் போட்டிருந்தால், அம்பு எய்த பிறகு அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள்.

சித்த மருந்துகளுக்கும் இதே கேள்விகள்தான். 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் பாளையங்கோட்டையில் வாழ்பவர்கள் இரண்டு வகையான அவசரத்தைக் கேட்டுப் பழகியவர்கள்: நூற்றாண்டுகளாக வழங்குவதால் சோதிக்கத் தேவையில்லை என்பது ஒன்று, மூலிகை என்பதாலேயே சோதிக்கத் தகுதியில்லை என்பது மற்றொன்று. கஷாயத்தின் கசப்பையும் நிறத்தையும் வெற்று மருந்தில் கொண்டுவருவது கடினம் என்பதால் மறைப்பு சிக்கலாகலாம். ஆனால் சமவாய்ப்பாகப் பிரிப்பதற்கும், அளப்பவருக்கு மட்டும் எது எவர் குடித்தது என்று தெரியாமல் வைப்பதற்கும் கசப்பு தடையில்லை.

உங்களையே சேரச் சொன்னால்

ஆய்வு நடக்கும் மருத்துவமனையில் ஒருநாள் உங்களிடமோ உங்கள் அம்மாவிடமோ படிவத்தை நீட்டலாம். பயந்து எழுந்து வரவும் வேண்டாம், மருத்துவர் சொல்கிறார் என்பதற்காக உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறவும், எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகவும், ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. எனக்கு வெற்று மருந்து வரக்கூடுமா, வந்தால் அதனுடன் வேறு என்ன சிகிச்சை தருவீர்கள், எத்தனை முறை வரவேண்டும், பஸ் செலவு யார் கொடுப்பது, ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் எது என்று கேளுங்கள். எந்த மருந்து வேண்டும் என்று கேட்டுப் பெறலாமா என்ற கேள்விக்கு மட்டும் இல்லை என்பதே நேர்மையான பதிலாக இருக்கும். ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆய்வில் பொட்டலம் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று, படித்தவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுமுறை போகும்போது முடிவைச் சொல்லலாம். சேர்ந்தால், நீங்களும் ஆய்வாளரும் கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.